தக்காளி புருஸ்கெட்டா: மலைவீட்டுச் சமையலறைக்கான முழுமையான வழிகாட்டி

மொறுமொறுவென்று சுட்ட பிரெட், சூட்டோடு அதில் தேய்த்த பூண்டு, மேலே உப்பும் ஆலிவ் எண்ணெயும் பிசிறிய பழுத்த தக்காளி. புருஸ்கெட்டா என்பது இவ்வளவுதான். கடினமான வேலை எதுவும் இதில் இல்லை. ஆனாலும் முதல் தடவை செய்பவர்கள் பெரும்பாலும் சொதசொதவென்று ஊறிய பிரெட்டில்தான் கொண்டுபோய் முடிக்கிறார்கள். கைப்பக்குவம் போதாமல் அப்படி ஆவதில்லை. வரிசை மாறுவதால் ஆகிறது. தக்காளியில் உப்பு எப்போது விழுகிறது, எண்ணெய் எப்போது சேர்கிறது, பிரெட் எப்போது கல்லில் ஏறுகிறது என்ற மூன்றும் சரியாக இருந்தால் மீதியெல்லாம் தானாக அமையும்.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் செய்பவர்கள் குளிரையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். தக்காளி பழுப்பது, எண்ணெய் இளகி இருப்பது, சுட்ட பிரெட் நமத்துப்போகாமல் நிற்பது எல்லாமே இங்கே சமவெளியைப் போல் இருக்காது. அதற்கான மாற்றங்களை அந்தந்தப் படியிலேயே சொல்லியிருக்கிறோம்.

1. என்னென்ன வேண்டும் (4 பேருக்கு, 8 துண்டு)

- நன்றாகப் பழுத்த தக்காளி: 500 கிராம்
- இனிப்பில்லாத பிரெட்: ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் 8 துண்டு
- எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் எண்ணெய்: 5 மேசைக்கரண்டி (தக்காளிக்கு 3, பிரெட்டுக்கு 2)
- பூண்டு: 2 பெரிய பல்
- தூள் உப்பு: முக்கால் தேக்கரண்டி
- பேசில் இலை: 10 முதல் 12
- மிளகு: அப்போது பொடித்தது, இரண்டு சிட்டிகை

பாத்திரங்களில் காய் அலசும் ஓட்டைக் கூடை, அதற்கடியில் வைக்க ஒரு கிண்ணம், தோசைக்கல், சுட்ட பிரெட்டை ஆறவைக்க ஒரு கம்பித் தட்டு ஆகியவை போதும். இவற்றில் கம்பித் தட்டைத் தேவையில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். மலையில் அது கட்டாயம். காரணம் ஏழாவது படியில் வரும்.

2. தக்காளி: 3 நாள் முன்பே வாங்குங்கள்

மலைக் கடைகளில் கிடைக்கும் தக்காளி பெரும்பாலும் கீழிருந்து ஏறி வருவது. பழனி மலைப் பக்கம் ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்தும், நீலகிரிக்கு மேட்டுப்பாளையம் வழியாகவும் வருகிறது. வண்டியில் நசுங்காமல் இருக்கச் செங்காயாகவே பறித்து அனுப்புவார்கள். பார்க்கச் சிவப்பாக இருந்தாலும் உள்ளே இன்னும் பழுத்திருக்காது. வாங்கிய அன்றே நறுக்கினால் புளிப்பும் தண்ணீருமாகத்தான் இருக்கும். குழம்பில் கொதித்தால் அது தெரியாது. புருஸ்கெட்டாவில் தக்காளி வேகுவதே இல்லை என்பதால் அந்தக் குறை அப்படியே நாக்கில் நிற்கும்.

தக்காளி நன்றாகப் பழுக்க 20 டிகிரி ஒட்டிய வெப்பம் வேண்டும். சுமார் 12 டிகிரிக்குக் கீழே போனால் பழுப்பது நின்றுவிடும், வாசமும் உருவாகாது. ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள் என்று எல்லாரும் சொல்வது இதனால்தான். ஆனால் மார்கழி, தை மாதங்களில் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் சமையலறை மேடையே ராத்திரியில் ஃபிரிட்ஜ் அளவுக்குக் குளிர்ந்துவிடுகிறது. அங்கே கூடையில் திறந்து வைத்த தக்காளி நாலு நாளானாலும் அப்படியே இருக்கும், இல்லையென்றால் பழுக்காமலே தோல் சுருங்கும்.

செய்ய வேண்டியது எளிது. ஒரு அட்டைப்பெட்டியில் செய்தித்தாள் விரித்து, தக்காளிகளைக் காம்புப் பக்கம் கீழாக ஒரே அடுக்காக வையுங்கள். பழுத்த வாழைப்பழம் ஒன்றை நடுவில் வைத்து மூடி, அடுப்பிருக்கும் அறையிலேயே உயரமான அலமாரியில் வையுங்கள். மலைவாழை இருந்தால் அதுவே போதும். பழம் வெளியிடும் எத்திலீன் வாயு தக்காளியையும் பழுக்க வைக்கும். கணப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்காதீர்கள். சூடு படும் பக்கம் மட்டும் இளகி, மறுபக்கம் காயாக நிற்கும்.

பழுத்ததா என்று நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். காம்பு இருந்த குழியை முகர்ந்து பாருங்கள். தக்காளிச் செடியின் பச்சை வாசத்தோடு லேசாக இனிப்பு வாசமும் அடிக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் நெகிழ வேண்டும், பள்ளம் விழக்கூடாது.

எந்த வகை வாங்குவது? பெங்களூர் தக்காளி என்று விற்கும் நீள்வாட்டுத் தக்காளியில் சதை அதிகம், விதை குறைவு. நாட்டுத் தக்காளியில் சுவை அதிகம், ஆனால் பாதிக்குப் பாதி விதைக்கூழ். 300 கிராம் பெங்களூர் தக்காளியும் 200 கிராம் நாட்டுத் தக்காளியும் கலப்பதே நல்ல கணக்கு. நாட்டுத் தக்காளியை மட்டும் போடுவதென்றால் 700 கிராம் எடுங்கள். பாலிஹவுஸில் விளைந்த செர்ரித் தக்காளி கிடைத்தால் அதை மட்டுமே வைத்தும் செய்யலாம். நான்காக வெட்டினால் போதும், விதை எடுக்க வேண்டாம்.

மலைப் பாதை ஓரங்களில் விற்கும் மரத்தக்காளியை இதில் போடலாமா என்ற கேள்வி அடிக்கடி வரும். முழுக்க அதை மட்டும் போட்டால் புளிப்பு தாங்காது. ஒரு பழத்தைத் தோல் சீவி, பொடியாக நறுக்கி மற்ற தக்காளியோடு கலந்தால் நன்றாக இருக்கும். தோல் கசக்கும், ஒரு துணுக்குக்கூட உள்ளே போகக்கூடாது.

3. பிரெட்: இனிப்பில்லாதது, ஸ்லைஸ் போடாதது, முந்தின நாளுடையது

பேக்கரியில் சாதாரணமாகக் கிடைக்கும் மில்க் பிரெட்டில் சர்க்கரை உண்டு. கல்லில் போட்டதும் சர்க்கரை கருகி மேலே சிவந்துவிடும். பார்க்க வெந்த மாதிரி தெரியும், உள்ளே பஞ்சு போலவே இருக்கும். தக்காளி பட்ட ஒரு நிமிடத்தில் அந்தப் பஞ்சு சாற்றை உறிஞ்சித் தொய்ந்துவிடும். "சால்ட் பிரெட்" என்று கேட்டு வாங்குங்கள். சவர்டோ (மாவை இயற்கையாகப் புளிக்கவைத்துச் சுடும்) பிரெட் கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை, அதன் தடித்த ஓடும் பெரிய கண்களும் இதற்கென்றே அமைந்தவை.

வாங்கும்போதே "ஸ்லைஸ் போடாம முழுசா குடுங்க" என்று சொல்லிவிடுங்கள். மெஷினில் வெட்டிய துண்டு ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. கல்லில் அது முழுவதும் காய்ந்து ரஸ்க் ஆகிவிடும், கடித்தால் நொறுங்கித் தக்காளி மடியில் விழும். ஒன்றரை சென்டிமீட்டர் கனம் இருந்தால் வெளியே மொறுமொறுப்பும் உள்ளே கொஞ்சம் மென்மையும் இருக்கும். அதற்கு மேல் தடித்தால் வாய்க்கு அடங்காது.

சமைக்கும் நாளுக்கு முந்தின நாள் வாங்குவது நல்லது. ஒரு நாளானதில் ஈரம் குறைந்திருக்கும், வெட்டும்போது நசுங்காது, சீக்கிரம் சுடும். வர்க்கி, பன், பட்டர் பிஸ்கட் எதுவும் இதற்கு ஆகாது. வர்க்கியில் ஏற்கெனவே கொழுப்பு நிறைந்திருப்பதால் பூண்டும் எண்ணெயும் அதில் ஏறாது.

4. எண்ணெய், பூண்டு, பேசில்

எண்ணெய் சூடுபடாமல் அப்படியே வாய்க்குப் போகிறது. எனவே எக்ஸ்ட்ரா வெர்ஜின்தான் வேண்டும். விலை குறைவாகக் கிடைக்கும் பொமேஸ் வகை பொரிப்பதற்கானது, அதில் பழ வாசம் இருக்காது. நல்லெண்ணெய் ஊற்றினால் தக்காளி வாசமே மறைந்துவிடும்.

குளிர்காலத்தில் ஆலிவ் எண்ணெய் கலங்கி, அடியில் வெள்ளை வெள்ளையாகத் திரண்டு நிற்பதைப் பார்த்துக் கெட்டுப்போனது என்று கொட்டிவிடாதீர்கள். சுமார் 10 டிகிரிக்குக் கீழே அது உறையத் தொடங்கும். இளஞ்சூடான தண்ணீரில் பாட்டிலைப் பத்து நிமிடம் நிறுத்தி வைத்தால் தெளிந்துவிடும். உறைந்த எண்ணெயை அப்படியே தக்காளியில் ஊற்றினால் திட்டுத்திட்டாக ஒட்டும், எங்கும் பரவாது. அடுப்பில் வைத்தும் சூடாக்க வேண்டாம், வாசம் போய்விடும்.

பூண்டில் நமக்குக் குறையில்லை. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு கிடைத்தால் அதையே எடுங்கள். ஆனால் அதன் காரம் அதிகம் என்பது நினைவிருக்கட்டும். சாதாரணப் பூண்டை ஒரு துண்டில் நாலைந்து தடவை தேய்க்கலாம், மலைப்பூண்டு என்றால் இரண்டு தடவை போதும். பூண்டை நறுக்கித் தக்காளியோடு கலப்பதை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. கலந்து வைத்த அரை மணி நேரத்தில் அதன் நெடி தக்காளியை விழுங்கிவிடும்.

பேசில் இலையை, புரோக்கோலி, லெட்யூஸ் போன்ற சைனீஸ் காய்கறி விற்கும் கடைகளில் கேளுங்கள். தண்டோடு வாங்கி, ஒரு டம்ளர் தண்ணீரில் தண்டு மூழ்க நிறுத்தி, ஜன்னல் குளிர் படாத இடத்தில் வையுங்கள். பேசிலுக்குக் குளிர் ஆகவே ஆகாது. ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி வைத்தாலே இலை கறுத்துவிடும். பனி விழும் மாதங்களில் தோட்டத்தில் வைத்த செடி ஒரே இரவில் கருகும், அதனால் தொட்டியில் வளர்த்து உள்ளே எடுத்துவிடுங்கள்.

பேசில் இல்லாவிட்டால் திருநீற்றுப்பச்சிலை போடலாம், இரண்டும் ஒரே இனம்தான். நம் பச்சிலைக்கு வாசம் தூக்கல் என்பதால் பாதி அளவு எடுங்கள். துளசி வேறு, அது இதற்குச் சேராது. கொத்தமல்லியும் பச்சை மிளகாயும் போட்டால் ருசியாக இருக்கலாம், ஆனால் அது பிரெட் மேல் வைத்த தக்காளிப் பச்சடியாகிவிடும். எதுவுமே கிடைக்காத நாளில் இலை இல்லாமலே செய்யுங்கள், ஒரு குறையும் தெரியாது.

5. தக்காளியை நறுக்குவதும் நீர் வடிப்பதும்: பரிமாறுவதற்கு 35 நிமிடம் முன்

முழு வேலையிலும் கவனம் அதிகம் வேண்டிய இடம் இதுதான்.

முதலில் கத்தி. மழுங்கிய கத்தி தக்காளித் தோலில் இறங்காமல் சதையை நசுக்கும், நசுங்கிய இடத்திலெல்லாம் சாறு கொட்டும். பல் வைத்த பிரெட் கத்தி நன்றாக வெட்டும். அரிவாள்மனை அதைவிட அருமை. தக்காளியை அலகின் மேல் லேசாக இழுத்தாலே தோல் பிளக்கும், அழுத்தவே வேண்டாம்.

தக்காளியைக் குறுக்கே இரண்டாக வெட்டினால் விதை அறைகள் தெரியும். பெங்களூர் தக்காளி என்றால் விரலால் விதைக்கூழை ஒரு கிண்ணத்தில் வழித்து எடுங்கள். நாட்டுத் தக்காளியில் பாதியை மட்டும் எடுங்கள். தக்காளியின் நாவூறும் சுவை அந்தக் கூழில்தான் அதிகம், முழுவதையும் எடுத்தால் மிஞ்சுவது வெறும் சதை. பிறகு சதையை ஒரு சென்டிமீட்டர் சதுரங்களாக நறுக்குங்கள். அதைவிடப் பொடியானால் தொக்கு மாதிரி கூழாகும், பெரிதானால் பிரெட்டில் நிற்காமல் உருண்டு விழும்.

தோல் உரிக்க வேண்டுமா? நாட்டுத் தக்காளிக்கு வேண்டாம். தடித்த தோலுள்ள தக்காளி என்றால் மட்டும், அடியில் ஒரு கீறல் போட்டுக் கொதிநீரில் முக்கி எடுத்து உரியுங்கள். சமவெளியில் 20 விநாடி போதும். ஊட்டி, கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும் என்பதால் 40 விநாடி வரை விடுங்கள். எடுத்ததும் குழாய்த் தண்ணீரில் போடுங்கள், நம் ஊரில் ஐஸ் தேவைப்படாது.

இப்போது உப்பு. நறுக்கிய தக்காளியை ஓட்டைக் கூடையில் போட்டு, முக்கால் தேக்கரண்டி உப்பைத் தூவி, கையால் மெதுவாகப் புரட்டி, கிண்ணத்தின் மேல் 15 நிமிடம் வையுங்கள். உப்பு தக்காளிக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கும். இந்த நீர் கிண்ணத்தில் இறங்காவிட்டால், பிறகு பிரெட்டில்தான் இறங்கும். வடிந்தபின் தக்காளி சுருங்கிக் கெட்டிப்படும், சுவையும் கூடும். மழைக்காலத்தில் உப்பு ஈரம் கோர்த்துக் கட்டியாக இருந்தால் வெறும் வாணலியில் ஒரு நிமிடம் வறட்டி, ஆறியபின் அளந்து போடுங்கள். கட்டியாக விழுந்தால் ஒரு பக்கம் கரிக்கும், மறுபக்கம் சப்பென்று இருக்கும்.

எண்ணெயை இந்த நேரத்தில் ஊற்றிவிடாதீர்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கலந்து வைத்துவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. எண்ணெய் தக்காளியைச் சுற்றிப் படிந்துவிட்டால் உப்பு ஒழுங்காகக் கரையாது, வடியும் நீரோடு எண்ணெயும் வீணாகக் கீழே போகும்.

வெங்காயம் சேர்ப்பவர்கள் உண்டு. சேர்க்காமல் இருப்பது நல்லது. விட முடியாது என்றால் இரண்டு சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கித் தக்காளியோடே உப்பில் போடுங்கள், அதன் நீரும் சேர்ந்து வடிந்துவிடும்.

6. பிசிறி வைத்தல்: 15 நிமிடம் முன்

வடிந்த தக்காளியை உலர்ந்த கிண்ணத்துக்கு மாற்றுங்கள். 3 மேசைக்கரண்டி எண்ணெய், மிளகு சேர்த்துக் கரண்டியால் அடியிலிருந்து இரண்டு முறை புரட்டினால் போதும். இப்போது ஒரு வாய் ருசி பாருங்கள். உப்பில் பாதி நீரோடு போயிருக்கலாம், தேவையானால் ஒரு சிட்டிகை சேருங்கள். புளிப்பு போதாத தக்காளி என்றால் கால் தேக்கரண்டி வினிகர் விடலாம். நாட்டுத் தக்காளி கலந்திருந்தால் அது தேவைப்படாது.

மூடி, அடுப்புக்கு அருகே வையுங்கள். தக்காளி சில்லென்று இருந்தால் வாசம் எழாது. பேசில் இன்னும் போடக்கூடாது.

7. பிரெட் சுடுதல்: கடைசி 12 நிமிடம்

தோசைக்கல்லில் நேற்றைய தோசையின் வெங்காய வாசம் இருந்தால் பிரெட் அதைப் பிடித்துக்கொள்ளும். உப்பு தொட்ட ஈரத்துணியால் ஒரு முறை துடைத்துக் காயவிடுங்கள்.

மிதமான தீயில் கல் காய்ந்ததும் எண்ணெய் இல்லாமல் பிரெட்டை வையுங்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டரை முதல் மூன்று நிமிடம். தோசைக்கரண்டியால் லேசாக அழுத்தி விட்டால் முழுப் பரப்பும் கல்லைத் தொடும். பொன்னிறத்தில் அங்கங்கே கருந்திட்டு விழுந்திருந்தால் சரியான பதம். நகத்தால் சுரண்டினால் சரசரவென்று சத்தம் கேட்க வேண்டும். அந்தச் சொரசொரப்புதான் அடுத்து பூண்டைத் துருவப்போகிறது. முதலிலேயே எண்ணெய் தடவிச் சுட்டால் பரப்பு வழவழப்பாகி, பூண்டு வழுக்கிக்கொண்டு போகும்.

ஓவன் இருந்தால் 220 டிகிரியில் கம்பி மேல் வைத்து 6 முதல் 8 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பிப் போடுங்கள். கணப்பிலோ வெளியே மூட்டிய நெருப்பிலோ சுடுவதானால் கொழுந்து அடங்கித் தணலாகும்வரை பொறுங்கள். சீகை விறகின் தணல் நன்றாக நின்று எரியும். கற்பூரமர விறகையும் பைன் விறகையும் தவிர்த்துவிடுங்கள், அவற்றின் புகை வாசம் பிரெட்டில் ஏறிவிடும்.

சுட்ட பிரெட்டை நேராகத் தட்டில் வைக்காதீர்கள். குளிர்ந்த எவர்சில்வர் தட்டில் சூடான பிரெட்டை வைத்ததும் அடியில் ஆவி நீராகிவிடும். ஒரு நிமிடம் கழித்துத் தூக்கிப் பாருங்கள், தட்டில் வட்டமாக ஈரம் தெரியும். மேலே எவ்வளவு கவனமாகத் தக்காளி வைத்தாலும் அடிப்பக்கம் நமத்துப்போய்விடும். கம்பித் தட்டில் வையுங்கள். அது இல்லையென்றால் இரண்டிரண்டு துண்டாகக் கூரை போலச் சாய்த்து நிறுத்துங்கள். மூடி வைக்கவே கூடாது. மஞ்சு இறங்கும் சாயங்காலங்களில் ஜன்னலைச் சாத்திவிட்டுச் சுடுங்கள், ஈரக்காற்றில் மொறுமொறுப்பு நிற்காது.

8. பூண்டு, எண்ணெய், பேசில், பரிமாறுதல்

பூண்டுப் பல்லைக் குறுக்கே வெட்டி, வெட்டுப்பக்கத்தைச் சூடான பிரெட்டில் தேயுங்கள். கல்லிலிருந்து எடுத்த அரை நிமிடத்துக்குள் இது நடக்க வேண்டும். சூட்டில்தான் பூண்டின் சாறு இறங்கும், குளிர் வீட்டில் பிரெட் ஆற நேரமே ஆகாது. ஆகவே எட்டையும் சுட்டு முடித்துவிட்டுத் தேய்க்கலாம் என்று இருக்காமல், நாலு நாலாகச் சுட்டு உடனுக்குடன் தேயுங்கள். ஒரு பக்கம் தேய்த்தால் போதும்.

அதன் மேல் ஒரு துண்டுக்குக் கால் மேசைக்கரண்டி வீதம் எண்ணெயைச் சொட்டுங்கள். இந்த எண்ணெய் ருசிக்கு மட்டுமல்ல, தக்காளிச் சாறு உடனே உள்ளே இறங்காமல் சற்று நேரம் தடுக்கும்.

இப்போது பேசில். இலை ஈரமில்லாமல் இருக்க வேண்டும். கையால் கிழித்துத் தக்காளியில் போட்டு ஒரே புரட்டு. முன்கூட்டியே நறுக்கினால் வெட்டிய ஓரங்கள் கறுத்துவிடும், உப்பில் ஊறினால் இலை துவளும். கடைசி நிமிடத்துக்கு ஒத்திப்போட்டது அதற்காகத்தான்.

கிண்ணத்தைச் சாய்த்துப் பாருங்கள். அடியில் மீண்டும் சாறு தேங்கியிருந்தால் அதை விட்டுவிட்டு, ஓட்டைக் கரண்டியால் தக்காளியை மட்டும் அள்ளி ஒரு துண்டுக்குக் குவியலாக இரண்டு மேசைக்கரண்டி வையுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறார்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் உட்காரமாட்டார்கள் என்றால் பிரெட்டைத் தனியாகவும் தக்காளியைத் தனியாகவும் மேசைக்குக் கொண்டுபோங்கள். அவரவர் வைத்துக்கொள்ளட்டும்.

சீஸ் தூவ வேண்டாம். சீஸ் உருக வேண்டுமானால் மறுபடி சூடாக்க வேண்டும், அதோடு தக்காளியின் பச்சை ருசி போய்விடும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் விளையும் பட்டர் ஃபுரூட்டை மசித்துத் தக்காளிக்கு அடியில் தடவினால் நன்றாகச் சேரும். அப்படிச் செய்யும்போது மேலே சொட்டும் எண்ணெயை விட்டுவிடுங்கள்.

9. சரியாக வரவில்லை என்றால்

*பிரெட் உடனே ஊறிவிட்டது:* நீர் வடிக்கும் 15 நிமிடத்தைக் குறைத்திருப்பீர்கள், அல்லது இனிப்பு பிரெட்டாக இருக்கும்.

*மேல்பக்கம் மொறுமொறுப்பு, அடி ஈரம்:* தட்டுதான் காரணம். கம்பித் தட்டுக்கு மாற்றுங்கள்.

*தக்காளி சப்பென்று இருக்கிறது:* பழுக்கவில்லை. கால் தேக்கரண்டி சர்க்கரையும் சில துளி வினிகரும் அன்றைக்குச் சமாளிக்கும். அடுத்த முறை 3 நாள் முன்பே வாங்குங்கள்.

*பிரெட் வெளியே கருகி உள்ளே வெந்த மாதிரியே இல்லை:* தீ அதிகம். கல்லை இறக்கி ஒரு நிமிடம் ஆறவிட்டு, தீயைக் குறைத்து மீண்டும் தொடங்குங்கள்.

*பூண்டு நாக்கைச் சுடுகிறது:* மலைப்பூண்டை அதிகம் தேய்த்துவிட்டீர்கள். தக்காளியைக் கொஞ்சம் தாராளமாக வைத்தால் அடங்கும்.

10. மிஞ்சியவை

வடிந்த நீரையும் வழித்த விதைக்கூழையும் கொட்டாதீர்கள். வடிகட்டி, அன்றைய ரசத்தில் புளியைப் பாதியாகக் குறைத்துச் சேருங்கள். அதில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது என்பதால் ரசத்துக்கு உப்பு போடும்போது கை குறைய வேண்டும்.

பிசிறிய தக்காளி மிஞ்சினால் ஃபிரிட்ஜில் மறுநாள் வரை வைக்கலாம். ஆனால் அதைத் திரும்பப் பிரெட்டில் வைப்பதில் பயனில்லை, இலை கறுத்துச் சதையும் தளர்ந்திருக்கும். வாணலியில் பத்து நிமிடம் சுண்டவைத்து முட்டைக்கோ சப்பாத்திக்கோ தொட்டுக்கொள்ளுங்கள். பூண்டை ஆலிவ் எண்ணெயில் போட்டு வெளியே நாள்கணக்கில் சேமித்து வைக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். காற்றுப் புகாத எண்ணெய்க்குள் பச்சைப் பூண்டில் நச்சுக் கிருமி வளர இடமுண்டு, வாசத்தை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. மிஞ்சிய பல்லை அன்றைய ரசத்திலேயே தட்டிப் போட்டுவிடலாம்.